செம்மண் சாலைப் பாடமும் தார்ச்சாலைப் பாடமும்

குதிரையையும் யானையையும் ஏறிச் செலுத்துவதை நம் முன்னோர் ஊர்தல் என்றே வழங்கினர். ஊர்தி என்னும் சொல் அதன் வழிப் பிறந்தது. இன்று மலேசியத் தமிழர் இல்லங்களில் நாள்தோறும் ஊரப்படுவது எது என்று வினவினால், தோட்டத்திலும் சிற்றூரிலும் வாழ்வோர் தயங்காது மோட்டார் சைக்கிளையே சுட்டுவர். அதிலும் சிறப்பாகக் 'கப்சாய்' என்னும் சிறு வண்டியை. இப்பெயரின் பிறப்பும் சுவையானது. ஹோண்டா நிறுவனம் 1958-ஆம் ஆண்டில் வெளியிட்ட சூப்பர் கப் என்னும் வண்டியின் பெயரிலுள்ள 'கப்'போடு, சிறியது என்று பொருள்படும் 'சாய்' என்னும் காண்டனீஸ் சொல் சேர்ந்தது. ஆங்கிலமும் சீனமும் கூடிப் பெற்ற பிள்ளை, மலாய் வழக்கில் வளர்ந்து, நம் வாயிலும் நிலைத்துவிட்டது.

வண்டி சிறியதாயினும் அதனால் நேரும் இழப்பு சிறியதன்று. 2016-ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலைகளில் 7,152 பேர் மாண்டனர். 2019-ஆம் ஆண்டில் 6,167 பேர். இவ்வாறு மாள்வோரில் நூற்றுக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. காரில் செல்வோனைச் சுற்றி இரும்புக் கூடு உண்டு. மோட்டார் சைக்கிளில் செல்வோனுக்குத் தன் உடம்பே கூடு.

இவ்விழப்பைக் குறைக்க நாடு ஒன்றும் செய்யவில்லை என்று கூறுதல் பிழை. 1973-ஆம் ஆண்டிலேயே தலைக்கவசம் கட்டாயமாயிற்று. கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கெனத் தனிப்பாதை 1970-களின் தொடக்கத்திலேயே அமைந்தது. 1992-ஆம் ஆண்டு முதல் பகலிலும் முன்விளக்கை எரியவிட வேண்டும் என்பது சட்டம். சாலைப் பாதுகாப்பை ஆராய்வதற்கெனவே மைரோஸ் என்னும் கழகம் 2007-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. இவை யாவும் வேண்டியவையே. ஆயினும் ஆசிரியன் என்ற முறையில் என் உள்ளத்தை உறுத்துவது வேறொன்று. ஊரும் கலையை நம் பிள்ளைகள் யாரிடம் கற்கின்றனர்? எதைக் கற்கின்றனர்?

எனக்குக் கற்பித்தவர் என் தாய்மாமன். தோட்டத்தில் பால்மரம் சீவியவர். பதினைந்து வயதில், உரிமம் பெறும் வயது நிரம்பும் முன்பே, அவருடைய பழைய ஹோண்டா சி70-இல் என்னை ஏற்றிவிட்டார். அவர் சொன்ன முதற்பாடம் இதுதான்: "டேய், முன் பிரேக்கைத் தொடாதே. தொட்டால் கவிழ்ந்துவிடுவாய். கால் பிரேக்கையே மிதி." இப்பாடத்தை அவர் கற்பனையாகச் சொல்லவில்லை. வெளிக்காட்டுச் சாலை முழுதும் செம்மண். மழை பெய்தால் சேறு, வெயில் காய்ந்தால் தூளும் சரளையும். அங்கே முன்சக்கரம் உருளாமல் இறுகிவிட்டால் வண்டி அக்கணமே சாயும். பின்சக்கரம் வழுக்கினாலோ ஒருவாறு சமாளிக்கலாம். செம்மண் சாலைக்கு அஃது அறிவுடைய பாடமே. ஆனால் தோட்டத்துப் பிள்ளைகள் தோட்டத்துக்குள்ளேயே ஊர்ந்துகொண்டிருக்கவில்லை. தொழிற்சாலைக்கும் பட்டணத்துக்கும் தார்ச்சாலையில் விரையத் தொடங்கினர். சாலை மாறியது, வேகம் மாறியது, பாடம் மட்டும் மாறவில்லை.

நானும் அதை மாற்றவில்லை. என் பள்ளியில் ஆறாண்டு பயின்று இடைநிலைப் பள்ளிக்குச் சென்ற மாணவன் ஒருவன், 2009-ஆம் ஆண்டில், புதிதாய் வாங்கிய வண்டியைக் காட்ட வந்தான். பதினெட்டு வயது. ஆசி கூறி அனுப்பும்போது, "தம்பி, முன் பிரேக்கில் கவனம், கால் பிரேக்கையே நம்பு," என்றேன். மாமன் சொன்னதைச் சொன்னேன். "சரி சார்," என்று தலையசைத்தான். நான்கு திங்கள் கழித்து, தோட்டச் சாலை பெருஞ்சாலையில் சேரும் சந்திக்கு அருகே, எதிரில் வந்து வலப்புறம் திரும்பிய காரில் மோதி இறந்தான். மறுநாள் அவ்விடத்துக்குச் சென்றேன். தார்மேல் ஒற்றைக் கருங்கோடு ஒன்று கிடந்தது. என் நடையில் இருபத்தொன்பது எட்டு. பின்சக்கரம் மட்டும் இறுகி இழுபட்ட கோடு அது. அன்று அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை.

விளங்கியது 2011-ஆம் ஆண்டுப் பள்ளி விடுமுறையில், ஒருநாள் பாதுகாப்பு ஊர்தற் பயிற்சி ஒன்றில் கலந்துகொண்டபோது. பயிற்றுநர் எங்களை 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்து ஒரு கூம்புக்கு முன்னே நிற்கச் சொன்னார். இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் ஊர்ந்த நான் கூம்பைத் தாண்டி வழுக்கிச் சென்றேன். எனக்குப் பின் வந்த இளம்பெண், இரண்டு பிரேக்கையும் பழகியவள், கூம்புக்கு முன்னே அமைதியாக நின்றாள்.

இதன் காரணம் எளிய இயற்பியலே. பேருந்து திடீரென நிற்கும்போது நிற்கும் பயணியர் முன்னே சாய்வதை எல்லாரும் கண்டிருக்கிறோம். வண்டியின் சுமையும் அவ்வாறே முன்சக்கரத்தின்மேல் சாய்கிறது. அக்கணத்தில் பின்சக்கரம் இலேசாகிறது; சாலையைப் பற்றும் வலிமையை இழக்கிறது. முன்சக்கரமோ அழுந்தி மேலும் வலுவாகப் பற்றுகிறது. ஆகவே உலர்ந்த தாரில் வண்டியை நிறுத்தும் பணியில் பெரும்பங்கு முன் பிரேக்கினுடையது. காலால் மட்டும் நிறுத்த முயல்வோன், இரு கை உடையவன் ஒரு கையை முதுகுக்குப் பின் கட்டிக்கொண்டு சுமை தூக்குவதை ஒப்பான்.

கணக்கிட்டும் பார்ப்போம். 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. பின் பிரேக் மட்டும் பிடித்தால், வேகம் நொடிக்கு நொடி வினாடிக்கு 3.5 மீட்டர் வீதம் குறைவதாகக் கொள்வோம். வண்டி நிற்க 40 மீட்டர் வேண்டும். இரண்டையும் முறையாகப் பிடித்து 6.5 மீட்டர் வீதம் குறைத்தால் 21 மீட்டர் போதும். வேறுபாடு 19 மீட்டர்தானே என்று எண்ணலாகாது. இரு பிரேக்கும் பிடித்தவன் முற்றிலும் நின்றுவிட்ட அதே இடத்தை, கால் பிரேக்கை மட்டும் மிதித்தவன் இன்னும் 40 கிலோமீட்டர் வேகத்தில் கடந்துகொண்டிருப்பான். அவ்விடத்தில் கார் ஒன்று குறுக்கே நின்றால் என்னாகும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இக்குறை நம்மவர்க்கே உரியதன்று. அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்னும் அறிஞர் லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நிகழ்விடத்துக்கே சென்று ஆராய்ந்து, 1981-ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டார். அவர் கண்டவை வருமாறு. விபத்துக்குள்ளானோரில் நூற்றுக்கு 92 பேர் முறையான பயிற்சி பெறாதவர். தாமே கற்றவர், அல்லது உற்றார் நண்பரிடம் கற்றவர். ஆபத்தைக் கண்டபின் பெரும்பாலோர்க்குக் கிடைத்த நேரம் இரண்டு நொடிக்கும் குறைவு. அந்நேரத்தில் பலர் பின் பிரேக்கை அளவுக்கு மீறி மிதித்துச் சக்கரத்தை வழுக்கவிட்டனர்; முன் பிரேக்கைப் போதிய அளவு பயன்படுத்தவில்லை. இதைப் படித்தபோது அந்த ஒற்றைக் கருங்கோடு என் கண்முன் வந்தது. அங்கேயும் மாமன்மார் இருந்திருக்கின்றனர்!

இனி, உரிமம் பெறும்போது பயிற்சி பெறுகின்றனரே என்று ஆசிரிய அன்பர்கள் கேட்கலாம். பெறுகின்றனர். பதினாறு வயது நிரம்பியோர் சட்டத் தேர்வு எழுதி, 'எல்' உரிமம் பெற்று, திடலில் தேர்வு கொடுத்து, பி2 உரிமம் பெறலாம். தேர்வுக்குச் சென்று வரும் பிள்ளைகளைக் கேட்டால் குறுகிய பலகைமேல் ஏறிச் செல்லும் 'தித்தி'யைப் பற்றியும் எட்டு வடிவத்தைப் பற்றியுமே பேசுவர். மெதுவாகச் செல்லும்போது சாயாமல் இருக்கும் திறனை இவை நன்கு சோதிக்கின்றன. அத்திறனும் வேண்டுவதே. ஆனால் பலகையிலிருந்து விழுந்தவன் சட்டை அழுக்காகி எழுந்து வருகிறான். எழுந்து வராதவர்கள் வேகத்தில் மோதியவர்களே. அரிச்சுவடியைக் குண்டு குண்டாக எழுதத் தெரிந்த பிள்ளையைப் படிக்கத் தெரிந்த பிள்ளை என்று நாம் கொள்வதுண்டோ? சாலையைப் படிக்கும் திறன் அரிச்சுவடிக்கு அப்பாற்பட்டது.

சாலையைப் படித்தல் என்று நான் கூறுவது கண்ணின் பயிற்சியை. கார் ஓட்டுவோர் பலர் விபத்துக்குப் பின், "பார்த்தேன், ஆனால் அவன் வந்ததே தெரியவில்லை" என்பர். பொய் என்று தள்ளிவிடலாகாது. மோட்டார் சைக்கிள் ஒடுங்கிய உருவம் உடையது. நேரே நம்மை நோக்கி வரும் சிறிய பொருள் எவ்வளவு விரைவாக வருகிறது என்பதைக் கண் எளிதில் அளக்க இயலாது. பெரிய லோரியைவிட அது பின்னரே வந்து சேரும் என்று உள்ளம் பிழைபடக் கணிக்கிறது. பகலில் விளக்கெரியும் சட்டத்தின் பயன் இங்கேதான். நம் நாட்டுப் பேராசிரியர் ராடின் உமார் செய்த ஆய்வு, பிறர் கண்ணுக்குத் தென்படாமையால் நேரும் மோட்டார் சைக்கிள் விபத்துகள் அச்சட்டத்துக்குப் பின் ஏறத்தாழ நூற்றுக்கு 29 பங்கு குறைந்தன எனக் காட்டியது. எனினும் விளக்கு பிறர் கண்ணைத் திறக்கும் கருவியே. தன் கண்ணைத் திறக்க வேண்டியவன் ஊர்வோன். சந்தியில் நிற்கும் காரின் முன்சக்கரம் எப்பக்கம் திரும்பியுள்ளது? செம்பனைக் குலை ஏற்றிய லோரி சென்ற சாலையில் மண்ணும் காயும் சிந்தியுள்ளனவா? பேருந்துக்கு முன்னால் யாரேனும் கடக்கக்கூடுமா? இவற்றைப் பார்ப்பவன் விரலை முன்கூட்டியே பிரேக்கின்மேல் வைத்திருப்பான். இரண்டு நொடியில் அரை நொடி மிச்சம்.

தலைக்கவசம் பற்றி நீட்டி உரைக்க வேண்டா. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து 2008-ஆம் ஆண்டில் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வு, அது மரணத்தை நூற்றுக்கு 42 பங்கும் தலைக்காயத்தை 69 பங்கும் குறைப்பதாகக் கூறுகிறது. வாரைப் பூட்டாத கவசம் மோதும் முன்னரே தலையை விட்டுப் பறந்துவிடும். காலையில் பள்ளி வாயிலில் நின்று பார்த்தால் வேறொரு கொடுமையும் தெரியும். தந்தை தலையில் கவசம் இருக்கும். முன்னே நிற்கும் பிள்ளையின் தலையில் எண்ணெய் மட்டும் இருக்கும்.

பயிற்சி கொடுத்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்பாரும் உளர். அவர்களோடு நான் உடன்படேன். மோட்டார் சைக்கிள் பயிற்சியைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய 2010-ஆம் ஆண்டுக் காக்ரேன் ஆய்வு, எவ்வகைப் பயிற்சி விபத்தைக் குறைக்கிறது என்று உறுதியாகக் கூறத் தக்க சான்று கிட்டவில்லை என்றே முடித்தது. நார்வே நாட்டில் புதிய கார் ஓட்டுநர்க்கு வழுக்குச் சாலையில் ஓட்டும் பயிற்சியைக் கட்டாயமாக்கினர். பின்னர் ஆராய்ந்தபோது இளம் ஆடவரிடையே விபத்துக் குறையாமல் மிகுந்திருந்தது. திறம் வந்துவிட்டது என்னும் செருக்கு, வந்த திறத்தையும் விழுங்கிவிட்டது போலும். ஆகையால் பிரேக் பிடிக்கக் கற்பிப்போர், நிற்க எவ்வளவு தொலைவு வேண்டும் என்பதைக் கண்ணால் காணச் செய்ய வேண்டும். தன் வண்டி உடனே நிற்காது என்று கண்டவனுக்குச் செருக்கு வர இடம் குறைவு.

எங்கள் பள்ளியில் நான் செய்துவரும் சிறு முயற்சியைக் கூறுகிறேன். ஆறாம் ஆண்டு மாணவர்க்கு வண்டி ஊரும் வயதில்லை. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் நாள்தோறும் தந்தையின் பின்னே அமர்ந்து வருகின்றனர். கேட்டல் பேச்சுப் பாடத்தில், வீட்டிலிருந்து பள்ளி வரை கண்ட ஆபத்துகளை வரிசையாகக் கூறச் சொல்வேன். முதல் வாரத்தில் "ஒன்றுமில்லை சார்" என்பர். மூன்றாம் வாரத்தில் நாய், மணல், திறந்த கார்க் கதவு, கைப்பேசி பார்த்தபடி ஓட்டிய அண்ணன் என்று பட்டியல் நீளும். ஒரு மாணவி, "எங்கள் அப்பாவின் விரல் முன் பிரேக்கில் இருப்பதே இல்லை" என்றாள். அவள் தந்தை மறுநாள் பள்ளிக்கு வந்து, "என்ன சார், பிள்ளை என்னையே கேள்வி கேட்கிறது!" என்று சிரித்தார். சிரித்தவரைத் திடலுக்கு அழைத்துச் சென்றேன்.

பெற்றோர் வரும் சனிக்கிழமைகளில், பள்ளிக்குப் பக்கத்திலுள்ள தார் பாவிய வண்டி நிறுத்துமிடத்தில், 20 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கி 30 வரை, இரு பிரேக்கையும் சேர்த்து நிறுத்திப் பழகுகிறோம். முன் பிரேக்கை வெடுக்கென இழுக்கலாகாது; எலுமிச்சம்பழத்தைப் பிழிவதுபோல் முதலில் மெல்ல, சுமை முன்னே சாய்ந்தபின் அழுத்தமாக. கைப்பிடி நேராக இருக்க வேண்டும். வளைவில் சாய்ந்திருக்கும்போது இவ்வாறு அழுத்துதல் தகாது. ஈரச்சாலையில் இன்னும் மெதுவாக. செம்மண்ணில் என் மாமன் சொன்னதே சரி என்பதையும் மறவாமல் சொல்கிறேன். பழகிய காலை அடக்கிப் பழகாத விரலை எழுப்புவது பெரியவர்க்கு எளிதன்று. ரகரத்தையும் றகரத்தையும் பிறழ எழுதிப் பழகிய மாணவனைத் திருத்தும் பாடு நாம் அறிந்ததே. சிலருக்கு ஒரு காலைப்பொழுதில் வருகிறது; சிலருக்கு நான்கு வாரமாயிற்று. எனக்கும் நெடுநாள் ஆயிற்று.

விளையாட்டுத் திடலில் ஓட்டப்பந்தயத்துக்குப் போடும் சுண்ணாம்பைக் கொண்டே மூன்று கோடுகள் இட்டிருக்கிறோம். ஒன்று 60 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடிக்கும் இடம். மற்றொன்று அங்கிருந்து 21 மீட்டர். பிறிதொன்று 40 மீட்டர். அத்தொலைவை மாணவரே அளவு நாடாவால் அளந்தனர். மழைக்காலத்தில் கோடு அழிந்துவிடுகிறது. ஐந்தாம் ஆண்டு மாணவர் திங்கட்கிழமை சபை கூடும் முன் மீண்டும் போட்டுவிடுகின்றனர்.