கணிப்பொறிச் சித்திர வேலைக்குரிய கருவிகள்

மாமல்லபுரத்தில் ஐந்து இரதங்களைக் கண்டதோடு அமையாது, ஊரின் மேற்புறத்தே நிற்கும் வலையன்குட்டை இரதத்தையும் பிடாரி இரதங்களையும் கண்டோர், அவற்றின் மேற்பகுதி செவ்வையாய்ச் செதுக்கப்பட்டும் அடிப்பகுதி கரடான பாறையாகவே விடப்பட்டும் இருத்தலை நோக்கியிருப்பர். உச்சியினின்று கீழ்நோக்கிச் செதுக்கி வந்த அச்சிற்பிகள், உளி தொடுமுன்னரே உருவத்தை நாற்புறமும் மனத்தகத்தே திருப்பிப் பார்த்திருத்தல் வேண்டும். வெட்டிய கல்லை மீண்டும் ஒட்டுதல் இயலாதன்றோ? அவர் மனத்திற் செய்த அவ்வேலையை இக்காலத்துப் பொறிவலாளர் கணிப்பொறித் திரையிற் செய்கின்றனர்.

1963ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லாந்து என்பார் ஒளிக்கோல் கொண்டு திரையில் வரையும் முறையை வகுத்துக் காட்டினார். அக்கலை இன்று நம் அண்டையிலேயே வாழ்கின்றது. செங்கற்பட்டை அடுத்த மகிந்திரா வோர்ல்டு சிட்டியில் 2012இல் தொடங்கப்பெற்ற ஆராய்ச்சி நிலையத்தில் வண்டிகள் வடிவமைக்கப்படுகின்றன. இத்தகைய தொழிலை நாடும் மாணாக்கர் பலர், பெற்றோர் கடன்பட்டுத் தரும் பொருளைக் கொண்டு கணிப்பொறி வாங்குகின்றனர். அப்பொருள் வீண்போகாதிருக்கும் வழியை ஈண்டு ஆராய்வோம்.

முதலாவது, கிராபிக்ஸ் அட்டையின் தொழில் யாதென அறிதல் வேண்டும். ஓர் உறுப்பின் வடிவத்தைக் கணக்கிடுவது செயலி. அவ்வடிவத்தை எண்ணிறந்த சிறு முக்கோணங்களாகத் திரையில் தீட்டுவதும், நாம் திருப்புந்தோறும் மீளத் தீட்டுவதும் அட்டை. ஆகவே, ஓர் அளவை மாற்றியவுடன் உருவம் புதுப்பிக்கப்படத் தாமதமாயின், குற்றம் பெரும்பாலும் செயலியினுடையது. உருவத்தைச் சுழற்றும்போது காட்சி தடுக்கித் தடுக்கி நகருமாயின், அட்டையை ஐயுறலாம். இவ்வேறுபாட்டை அறியாதார் பெருவிலை அட்டையை வாங்கி, மெலிந்த செயலியோடு பூட்டி, பயன் காணாது வருந்துவர்.

அட்டைகள் இருவகைப்படும். என்விடியாவின் ஜீபோர்ஸும், ஏஎம்டியின் ரேடியனும் விளையாட்டிற்கென அமைந்தவை. முற்காலத்தில் குவாட்ரோ எனப்பட்ட என்விடியா வரிசையும், ரேடியன் புரோவும் தொழிலுக்கென அமைந்தவை. பின்னவற்றிற்கு விலை மிகுதி. அம்மிகுதி வேகத்திற்கன்று, மென்பொருள் நிறுவனத்தார் சோதித்துச் சான்றளித்த இயக்கி நிரலுக்கேயாம். சில மென்பொருள்களில் சில காட்சி வசதிகள் சான்றுபெற்ற அட்டைகளுக்கே கிட்டும். ஆதலின் எம்மென்பொருளில் வேலை செய்யப்போகின்றோம் என்பதை முதலில் துணிந்து, அந்நிறுவனத்தார் வெளியிடும் சான்றுப் பட்டியலைப் பார்த்த பின்னரே கடைக்குச் செல்லுதல் முறை.

வீட்டு வரைபடம் போன்ற தட்டைச் சித்திரங்களுக்குச் செயலியோடு உடன் அமைந்த காட்சியமைப்பே பெரும்பாலும் போதும். தனி உறுப்புகளையும் சிறு பொறிகளையும் பயிலும் மாணாக்கனுக்கு நான்கு முதல் எட்டு ஜிகாபைட் நினைவகமுள்ள எளிய அட்டை அமையும். ஆயிரக்கணக்கான உறுப்புகள் கூடிய பொறிக்கோ, பழங்கோயிலை ஒளிக்கதிரால் அளந்தெடுத்த புள்ளித் தொகுதிக்கோ அதனினும் மிக்க நினைவகம் வேண்டும். மடிக்கணிப்பொறியில் உள்ள அட்டை, மேசைக் கணிப்பொறி அட்டையின் பெயரையே தாங்கியிருப்பினும், குறைந்த மின்வலியில் இயங்குவதால் வேகம் குறைந்தது என்பதும் நினைவிலிருத்தற்பாலது.

இனி, கைக்கருவிகளைக் கூறுவோம். சாதாரண மவுஸ் தட்டையான மேசைமேல் இரு திசையிலேயே நகர்வது. ஸ்பேஸ்மவுஸ் என்னும் கருவியோ, குமிழைத் தள்ளியும் தூக்கியும் சாய்த்தும் திருகியும் ஆறு வகை இயக்கங்களை ஒருங்கே தருவது. ஜெர்மானிய விண்வெளி ஆராய்ச்சி நிலையத்தில் இயந்திரக் கைகளை இயக்குதற்பொருட்டுச் செய்த ஆராய்ச்சியினின்று இது தோன்றியது. 1993இல் கொலம்பியா விண்கலத்திற் சென்ற ரோடெக்ஸ் என்னும் இயந்திரக் கை அவ்வாராய்ச்சியைச் சேர்ந்ததேயாம். சிற்பி இடக்கையில் உளியும் வலக்கையில் சுத்தியும் கொள்ளுதல் போல, இதனை இடக்கையாற் பற்றி உருவத்தைத் திருப்பிக்கொண்டே வலக்கை மவுஸால் வரையலாம். வலக்கையின் உழைப்பு குறைகின்றது. ஆயினும் கை பழகச் சில நாட்கள் செல்லும். எல்லா மென்பொருளும் இதனை ஏற்பதில்லை. பயிலத் தொடங்குவோர்க்கு நடுச்சக்கரமுள்ள நல்ல மவுஸ் ஒன்றே போதும். நாள்தோறும் பல மணி நேரம் உழைக்கும் நிலை வந்தபின் இதனை வாங்கலாம்.

நம் கடற்கரைப் பகுதியார்க்குத் தனியே ஒன்று கூறவேண்டும். உப்புக்காற்றும் ஈரமும் உலோக இணைப்புகளை அரிக்கும். புழுதி விசிறியை அடைக்கும். வெப்பம் மிகின் அட்டை தானே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆதலின் பொறியைச் சாளரத்தருகே வையாது, அடிக்கடி தூசி போக்கி, மின்தடைக்கு ஈடாக யுபிஎஸ் ஒன்றும் அமைத்தல் நன்று.

சுருங்கக் கூறின், முதலில் செயலி, அடுத்து நினைவகம், பின்னர் வேலைக்கேற்ற அட்டை, இறுதியில் கைக்கருவி என்னும் முறையிற் பொருளைப் பகிர்ந்து செலவிடுவோர் ஏமாறார். எஞ்சும் பணத்தைப் பெற்றோரிடமே திருப்பிக் கொடுக்கலாம்; அதனினும் நல்ல முதலீடு வேறில்லை.