சிறு பாட்டரியும் மோட்டார் காரும்

கல்லூரியில் பயிலும் இளைஞர் ஒருவர் அண்மையில் என்னிடம் ஒரு வினாத் தொடுத்தார். "ஐயா, காரின் பாட்டரியும் 12 வோல்ட், யு.பி.எஸ். பெட்டியிலுள்ள மூடிய சிறு பாட்டரியும் 12 வோல்ட். இரண்டையும் கம்பியால் நேரே இணைத்தால், எஞ்சின் ஓடும்போது சிறியதும் மின்னேற்றம் பெறாதா?" வினா நியாயமானதே. விடையோ கையைச் சுடக்கூடியது.

12 வோல்ட் என்பது அழைக்கும் பெயர் மட்டுமே. 1859-இல் பிரான்சு நாட்டறிஞர் காஸ்டன் பிளாண்டே அமைத்த காரீய அமில மின்கலத்தின் வழிவந்தவை இவ்விரண்டும். கந்தக அமிலக் கரைசலில் காரீயத் தகடும் காரீய டையாக்சைடுத் தகடும் நின்று ஏறத்தாழ 2 வோல்ட் தருகின்றன. அத்தகைய கலங்கள் ஆறு சேர்ந்தது ஒரு பாட்டரி. நிறைந்த பாட்டரி ஓய்விலிருக்கும்போது 12.7 வோல்ட் அளவு காட்டும், தீர்ந்தது 11.5-க்கு இறங்கியிருக்கும். எஞ்சின் ஓடும்போதோ, காரின் ஆல்டர்னேட்டர் பொதுவாக 14.2 வோல்ட் அளவில் மின்சாரம் செலுத்துகிறது.

ஏரிக்கும் குட்டைக்கும் இடையே மட்ட வேறுபாடு 2.7 வோல்ட்தானே என்று எண்ணற்க. 7 ஆம்பியர்-மணி கொள்ளும் சிறு பாட்டரியின் உட்தடை ஏறத்தாழ 0.025 ஓம். ஓம் விதிப்படி வகுத்துப் பாருங்கள்: நூறு ஆம்பியருக்கு மேல் வருகிறது! கம்பியின் தடை இதைக் குறைக்கும், பாட்டரியின் அழுத்தமும் விரைந்து ஏறும், உண்மைதான். ஆயினும் அது ஏற்கத்தக்கது 2 ஆம்பியர் அளவே. மெல்லிய கம்பியாயின் உறை உருகித் தீப்பற்றும். பாட்டரியினுள் நீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து, வால்வின் வழியே வெளியேறும். திறக்கக்கூடிய பாட்டரிக்குக் காய்ச்சி வடித்த நீரை ஊற்றி ஈடுசெய்யலாம், மூடியதற்கு அவ்வழியில்லை.

ஆகவே மதகு ஒன்று வேண்டும். 2 ஓம், 10 வாட் தடையொன்றையும் 6 ஆம்பியர் தாங்கும் சிலிக்கன் டயோடு ஒன்றையும் தொடராக இணைக்க வேண்டும். டயோடு, கிணற்றுப் பம்பின் ஃபுட்வால்வு போன்றது. ஸ்டார்ட்டர் மோட்டார் நூற்றுக்கணக்கான ஆம்பியரை இழுக்கும் கணத்தில், சிறு பாட்டரியிலிருந்து மின்சாரம் பின்னோக்கி ஓடாதபடி அது காக்கிறது. அது 0.7 வோல்ட்டைத் தானே விழுங்கிவிடுமே எனலாம். அதுவும் நன்மைக்கே! எஞ்சும் 13.5 வோல்ட், இவ்வகைப் பாட்டரியை நெடுநேரம் இணைத்து வைத்தற்கு ஏற்ற அளவு.

இப்போது கணக்கிடுவோம். 13.5-இல் 11.5 போக 2. அதை 2 ஓமால் வகுத்தால் 1 ஆம்பியர். பாட்டரியின் அழுத்தம் 13.1-ஐ எட்டியதும் 0.2 ஆம்பியரே ஓடும். முழுமை பெறப் பல மணி நேரம் ஆகும். பொறுமையற்றோர் தடையைக் குறைக்க முனைவர், அது கூடாது. 3 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றைக் காரின் பெரிய பாட்டரியின் நேர்முனைக்கு அருகிலேயே அமைக்க வேண்டும். தொலைவில் அமைத்தால், இடையிலுள்ள கம்பி உரசிக் காரின் உடலைத் தொடும்போது ஃபியூஸ் இருந்தும் பயனில்லை.

வெயிலில் நிறுத்திய காரினுள் இவ்வேலையைச் செய்தல் வேண்டா. ஒரு டிகிரி வெப்பம் கூடினால், பாட்டரிக்குத் தேவையான அழுத்தம் ஏறத்தாழ 0.02 வோல்ட் குறைகிறது. மேலும், இக்காலக் கார்கள் சிலவற்றில் கணினியே ஆல்டர்னேட்டரின் அழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் வருகிறது. எனவே முதலில் எஞ்சினை ஓடவிட்டு, பாட்டரி முனைகளில் வோல்ட்மீட்டரை வைத்து அளந்து பாருங்கள்; 14.2-க்கு மிகவும் மேலே சென்றால் மேற்கண்ட கணக்கை மீண்டும் போட வேண்டும்.