பண்ணை வீட்டில் விளைந்த பந்தாட்டம்

பார்சிலோனாவின் கேம்ப் நோ மைதானத்தை ஒட்டி, 1702-இல் கட்டிய பழைய பண்ணை வீடு ஒன்று உண்டு. பெயர் லா மசியா. 1979-இல் பார்சிலோனா கால்பந்து கிளப் அதை இளம் வீரர்களின் விடுதியாக்கியது. பிறகு கிளப்பின் இளையோர் பயிற்சி அகாடமிக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

இங்கே அரிச்சுவடி ‘ரோண்டோ’ பயிற்சிதான். சிறுவர்கள் வட்டமாக நின்று பந்தைத் தட்டித் தட்டி விடுவார்கள். நடுவில் இருவர் பறிக்கப் பாய்வார்கள். பந்து காலுக்கு வந்த பிறகு யோசித்தால் போச்சு! அடுத்து யாருக்கு என்பதைக் கண் முன்கூட்டியே தேடியிருக்க வேண்டும்.

உயரத்தைவிட இந்தச் சூட்டிகைக்கே மதிப்பு. வளர்ச்சி ஹார்மோன் குறைபாட்டோடு 13 வயதில் வந்த மெஸ்ஸியின் சிகிச்சைச் செலவை கிளப்பே ஏற்றது.

2010-இல் உலகின் சிறந்த கால்பந்து வீரருக்கான ‘பாலோன் தோர்’ விருதின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்ற மெஸ்ஸி, இனியஸ்டா, சாவி மூவருமே இங்கு வளர்ந்தவர்கள். இங்கிருந்து 2023-இல் முதல் அணிக்குள் நுழைந்த லாமின் யமாலுக்கு அப்போது வயது 15.