ஒரே சாவி, பல கதவுகள்: மாணவரும் கடவுச்சொல்லும்

கல்விக்கடன், உதவித்தொகை, விடுதிக் கட்டணம், வீட்டிலிருந்து வரும் மாதச் செலவுப் பணம் எனப் பல்கலைக்கழக மாணவர் ஒருவரின் வரவு செலவு பெரும்பாலும் இன்று கைபேசி வழியே நடைபெறுகிறது. அதற்குக் காவலாக நிற்பவை கடவுச்சொல்லும் ரகசிய எண்ணுமே. கைபேசியைத் திறமையாகக் கையாளும் இளைஞர்களும் மூன்று பழக்கங்களால் இக்காவலைத் தளர்த்திவிடுகின்றனர்.

முதலாவது, எளிதில் ஊகிக்கத்தக்க எண். நான்கு இலக்க ரகசிய எண்ணுக்கு 10,000 வாய்ப்புகள் உண்டு. பிறந்த நாளையும் மாதத்தையும் வைத்தால் அவை 366 ஆகக் குறைகின்றன. பிறந்த ஆண்டை வைத்தாலோ, இளநிலை மாணவரின் வயதை ஊகிப்பவருக்கு ஐந்தாறு எண்களே மிஞ்சும்.

இரண்டாவது, ஒரே கடவுச்சொல்லை எங்கும் பயன்படுத்துவது. கல்லூரி விழாவுக்காகப் பதிவு செய்த ஓர் இணையதளத்திலிருந்து விவரங்கள் கசிந்தால், மோசடியாளர்கள் அதே மின்னஞ்சல் முகவரியையும் கடவுச்சொல்லையும் பிற தளங்களிலும் முயன்று பார்ப்பர். மின்னஞ்சல் திறந்துவிட்டால், ‘கடவுச்சொல் மறந்துவிட்டதா?’ என்னும் வசதி வழியே ஏனைய கணக்குகளும் ஒவ்வொன்றாகத் திறக்கக்கூடும். ஆகவே மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் வேறெங்கும் பயன்படுத்தாத தனித்தனிக் கடவுச்சொற்கள் வேண்டும். மின்னஞ்சலுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பும் இன்றியமையாதது.

மூன்றாவது, அறைத்தோழருடன் பகிர்வது. இது நட்பின் அடையாளமாகத் தோன்றலாம். விதிகளின் பார்வை வேறு. இந்திய ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, ரகசிய விவரங்களை வாடிக்கையாளரே பகிர்ந்ததால் இழப்பு நேர்ந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான முழு இழப்பும் அவரையே சாரும். தெரிவித்தபின் நேரும் இழப்பை வங்கி ஏற்கும்.

நல்ல கடவுச்சொல்லுக்கு நீளமே பலம். ஒழுங்கின்றித் தேர்ந்த எட்டு ஆங்கிலச் சிற்றெழுத்துகளைப் பன்னிரண்டாக நீட்டினால், வாய்ப்புகள் நாலரை லட்சம் மடங்குக்கு மேல் பெருகும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்து, உரிய எண்ணையும் குறியீட்டையும் சேர்த்தால் நீளமும் கிட்டும், நினைவிலும் நிற்கும்.

இரண்டு செய்திகளை மறவாதீர். எங்கள் அலுவலர் எவரும் உங்கள் கடவுச்சொல்லையோ ஒருமுறைக் கடவு எண்ணையோ கேட்பதில்லை. யுபிஐ வழியே பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையில்லை. கேட்டால் அது உங்கள் பணத்தை எடுப்பதற்கே.

அறியாத பரிவர்த்தனை ஒன்றைக் கண்டால் உடனே வங்கிக்கும், 1930 என்னும் தேசிய இணையக் குற்ற உதவி எண்ணுக்கும் தெரிவியுங்கள். அச்சத்தாலோ கூச்சத்தாலோ தாழ்த்தும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிச் செல்ல வழிவிடும். வெளியூரில் பயிலும் பிள்ளைகளிடம் பெற்றோர் இதனை இன்றே எடுத்துரைக்க வேண்டுகிறோம்.