சட்டாம்பிள்ளைக்கு எவ்வளவு இடம்?

ஆசிரியர் இல்லாத வேளையில் வகுப்பில் நடப்பவற்றைக் குறித்து வைப்பவன் சட்டாம்பிள்ளை. கணிப்பொறி உலகிலும் அவனைப் போன்றதொரு நிரல் உண்டு. தொடர்வண்டிச் சீட்டு, தேர்வு முடிவு என நாம் நாடும் செயலிகள் எங்கே தாமதித்தன, எங்கே பிழைபட்டன என்னும் குறிப்புகளைத் திரட்டி அனுப்புவது அதன் பணி. அதனைச் சேகரிப்பான் என்போம். 2019-ஆம் ஆண்டு தோன்றிய ஓபன்டெலிமெட்ரி என்னும் பொதுத்திட்டம் அத்தகைய சேகரிப்பான் ஒன்றை விலையின்றி வழங்குகிறது.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியனாகிய எனக்கு இத்துறையை அறிமுகம் செய்தது என் மகனின் துன்பமே. அவன் பணிபுரியும் நிறுவனத்தின் செயலி, கூட்டம் மிகுந்த ஒரு நாளில் நின்றுபோயிற்று. காரணம் தேடினால் குறிப்பே இல்லை. செயலிக்கு முன்னரே சேகரிப்பான் நினைவகம் போதாமல் மடிந்திருந்தது. சண்டை மூண்டபோது சட்டாம்பிள்ளை மயங்கி விழுந்த கதைதான்! அன்றிரவு அவன் உறங்கவில்லை.

சேகரிப்பான் குறிப்புகளைச் சிறிது நேரம் தன் நினைவகத்தில் தாங்கி நிற்கும். ஒரு வேண்டுகோளைப் பற்றிய குறிப்புகள் யாவும் வந்த பின்னர், அவை காக்கத் தக்கனவா என முடிவு செய்யும் முறையும் உண்டு. அதற்கு இயல்பாகக் குறிக்கப்பட்ட காத்திருப்பு 30 வினாடி. சிலேட்டில் கணக்கிடுவோம். வினாடிக்கு 1,000 குறிப்புகள், ஒன்றுக்கு 2 கிலோபைட் எனக் கொண்டால், 30 வினாடிக்கு ஏறத்தாழ 60 மெகாபைட். கூட்டம் பத்து மடங்கானால் 600 மெகாபைட். ஆதலின் அமைதியான நாளை நோக்கி அளவு வகுத்தல் ஆகாது. நெருக்கடி நாளை நோக்கியே வகுத்தல் வேண்டும்.

அதனினும் மிகுதியாக வந்தால்? அதற்கென நினைவகக் காவல் ஒன்று உண்டு. சேகரிப்பானுக்கு 500 மெகாபைட் ஒதுக்கினோம் என்க. மேல் எல்லை 400, கீழ் எல்லை 320 என வகுக்கலாம். 320-ஐக் கடந்தால் புதிய குறிப்புகளை ஏற்க மறுக்கும். அனுப்பியவர் பொறுத்து மீண்டும் அனுப்பலாம். 400-ஐக் கடந்தால் பயனற்றுக் கிடப்பவற்றை உடனே அப்புறப்படுத்த முயலும். 500-ஐக் கடந்தாலோ இயக்க அமைப்பு அதனை நிறுத்திவிடும். இக்காவல் சேகரிப்பானுள் நடைபெறும் செயல்முறை வரிசையில் முதலாவதாக நிற்க வேண்டும். பள்ளி வாயிலில் நிற்க வேண்டிய காவலரைக் கொல்லைப்புறத்தில் நிறுத்தி என்ன பயன்?

இனி, சேகரிப்பானை எங்கே வைப்பது? செயலி இயங்கும் பொறியிலேயே வைத்தால் குறிப்புகள் விரைந்து சேரும். ஆயினும் செயலியின் நினைவகத்தில் அது பங்கு கொள்ளும். எனவே அங்கே சிறியது போதும். காத்திருந்து முடிவு செய்யும் பெரிய சேகரிப்பானைத் தனிப் பொறியில் வைப்பதே நன்று. அத்தகையவை பல இருப்பின், ஒரு வேண்டுகோளின் குறிப்புகள் அனைத்தும் ஒன்றனிடமே சேர வேண்டும். பிரிந்து சென்றால் முழு வரலாறும் எவரிடமும் இராது.

என் மகன் இப்போது இம்முறையையே கையாளுகிறான். இடர் இனி வாராது என்று அவன் கூறவில்லை. வந்தால் காரணம் தெரியும் என்கிறான். தேர்வு முடிவுக்காக இரவெல்லாம் காத்திருக்கும் ஒரு மாணவனுக்கு அது சிறிய உதவியன்று.