மண் காஞ்சிடுச்சா?

இந்த வாரம் கோடிங் கிடையாது. அஞ்சு மாசமா சனிக்கிழமை காலையில் போனை எடுக்காம எங்க போயிடுறேன்னு நிறைய பேர் கேட்டுட்டே இருக்கீங்க. மண்பாண்டம் கத்துக்கப் போறேன். பாண்டியில் ஒரு பொதுப் பட்டறை. எட்டு சக்கரம், எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஒரு கரண்ட் சூளை. அந்தச் சூளையில் நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். அது என்னன்னு புரியணும்னா, மண்ணுக்குள் இருக்கும் தண்ணியைப் பத்தி முதலில் பேசணும்.

அதுக்கு முன்னாடி, பாண்டியில் ஏன் இவ்வளவு மண்பாண்டப் பட்டறைகள்? 1971ல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித்னு ரெண்டு அமெரிக்கர்கள் இங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினாங்க. டெபோரா ஜப்பானில் பிசென் ஊரில் தொழில் பழகினவர். ரே கட்டடக்கலை படிக்கப் போய், மண்ணுக்கு மாறினவர். அவங்ககிட்ட கத்துக்கிட்டவங்க பாண்டியிலும் ஆரோவில்லிலும் சொந்தமா பட்டறை போட்டாங்க. நீங்க கஃபேயில் பார்க்கும் அந்தக் கனமான, பளபளப்பான கப் எல்லாம் பெரும்பாலும் அந்த வழியில் வந்த ஸ்டோன்வேர்.

ஆனா இந்த ஊர் மண் தொழில் 1971ல் ஆரம்பிக்கல. பத்து கிலோமீட்டர் தள்ளி வில்லியனூரில் குயவர்கள் தலைமுறை தலைமுறையா சுடுமண் வேலை செய்றாங்க. வில்லியனூர் சுடுமண் பொம்மைக்குப் புவிசார் குறியீடே இருக்கு. அந்த ஊர்க் கலைஞர் வி.கே. முனுசாமிக்கு 2020ல் பத்மஸ்ரீ கிடைச்சது. நான் மாசாமாசம் ஃபீஸ் கட்டி, ஏப்ரன் மாட்டிக்கிட்டு கத்துக்கிற ஒரு விஷயம், அங்கே ஒரு பத்து வயசுப் பையனுக்குத் தெரிஞ்சிருக்கும். இதை நினைச்சா எனக்குக் கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கு.

சரி, தண்ணி.

சக்கரத்தில் வைக்கத் தயாரா இருக்கும் மண்ணில், எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர். களிமண் துகள்கள் மெல்லிய தட்டு மாதிரி இருக்கும். ரெண்டு தட்டுக்கு நடுவில் தண்ணீர் படலம் இருக்கிறதாலதான் ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கும். நாம அழுத்தினா வளைஞ்சு கொடுக்கிறதுக்குக் காரணம் அதுதான். ரீல்ஸில் காட்டுவது இந்தக் கட்டத்தை மட்டும்தான். மண்ணை நடுவுக்குக் கொண்டுவரவே எனக்கு ஆறு வாரம் ஆச்சு. அதைப் பத்தி வேற ஒரு நாள் புலம்புறேன்.

பாத்திரத்தைச் சக்கரத்தை விட்டு இறக்கினதும் தண்ணீர் வெளியேற ஆரம்பிக்கும். துகள்கள் நெருங்கும், பாத்திரம் சுருங்கும். விளிம்பு மெல்லிசு, அதனால் சீக்கிரம் காயும். அடி தடிமன், மெதுவா காயும். மேல சுருங்கிட்டு, கீழ சுருங்காம இருந்தா நடுவில் விரிசல் விழும். அதனால்தான் புதுசா செஞ்சதை பிளாஸ்டிக் கவர் போட்டு மூடி வைக்கிறாங்க. எனக்கு முதலில் இது புரியவே இல்ல. காயணும்னா ஏன் மூடணும்? வேகமா காய்றது முக்கியமில்ல, எல்லா இடமும் ஒரே வேகத்தில் காயணும். பாதி காஞ்ச பதத்தில், தோல் மாதிரி இருக்கும்போது, கவிழ்த்து வெச்சு அடியைச் சீவி எடுக்கணும். அழகுக்காக மட்டும் இல்ல, அடியும் சுவரும் ஒரே தடிமனுக்கு வரணும்னுதான்.

அப்புறம் சூளை. 100 டிகிரியில் தண்ணீர் நீராவியானா அதன் கன அளவு சுமார் 1,600 மடங்கு ஆகும். தடிமனான அடிக்குள் ஈரம் மாட்டிக்கிட்டு, சூளையும் வேகமா ஏறினா, நீராவி வெளியே போக வழி கிடையாது. அது தானே வழி பண்ணிக்கும்.

நான் செஞ்சது ஒரு பேனா ஸ்டாண்ட். அடி ரெண்டு விரல் தடிமன், ஏன்னா சீவ சோம்பேறித்தனம். ஐப்பசி மழை வேற. நம்ம ஊரில் அந்த மாசம் துணியே காயாது, மண் எப்படிக் காயும்? வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் ஃபேனுக்கு அடியில் அஞ்சு நாள் வெச்சேன். மேலே வெள்ளையா வந்துடுச்சு. அக்கா சூளை அடுக்கும்போது கேட்டாங்க: "தம்பி, இது காஞ்சிடுச்சா? எத்தனை நாள் ஆச்சு?" "காஞ்சிடுச்சுக்கா, ரெண்டு வாரம் ஆச்சு." கூசாம சொன்னேன். அடுத்த சூளை மூணு வாரம் கழிச்சுத்தான், அதுவரைக்கும் பொறுக்க முடியல.

மறுநாள் சூளையைத் திறந்தப்போ என் பேனா ஸ்டாண்ட் பொடிப்பொடியா கிடந்தது. அது போகட்டும். பக்கத்தில் இருந்த மூடி ஒண்ணும் ரெண்டா உடைஞ்சிருந்தது. அது எனக்குப் பக்கத்துச் சக்கரத்தில் உட்காரும் அம்மாவுடையது. ரிட்டையர்ட் டீச்சர். அவங்க அம்மாவோட பழைய ஊறுகாய் ஜாடி உடைஞ்சுபோச்சுன்னு, அதே மாதிரி ஒண்ணு செய்யணும்னே வகுப்பில் சேர்ந்தவங்க. ரெண்டு மாசத்தில் உருப்படியா வந்த முதல் ஜாடி. ஜாடிக்கு ஒண்ணும் ஆகல, மூடி போச்சு. நான் அஞ்சு நாள் கதையைச் சொன்னேன். "பரவாயில்லப்பா"ன்னாங்க. அன்னைக்கு அதுக்கு மேல அவங்க என்கிட்ட பேசல.

அக்கா திட்டல. காயாத ஒரு கிண்ணத்தை எடுத்து என் கன்னத்தில் வெச்சாங்க. ஜில்லுனு இருந்தது. "ஜில்லுனு இருந்தா உள்ள தண்ணி இருக்கு. என்கிட்ட பொய் சொன்ன மாதிரி இதுகிட்ட சொல்ல முடியாது." ஈரம் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கும், அதான் ஜில்லுனு இருக்கு. மண்பானைத் தண்ணி குளிர்றதும் இதே கணக்குதான்.

அப்போ எனக்கு ஒரு டவுட். கிராமத்து எல்லையில் ஆளுயரத்துக்கு மேல அய்யனார் குதிரை நிக்குதே, சுட்ட மண்ணில் செஞ்சது, அது எப்படி வெடிக்கல? உள்ளே கூடு என்பது ஒரு காரணம். இன்னொண்ணு, வேளார்கள் மண்ணோட மணலும் உமியும் கலப்பாங்க. மணல் இருந்தா மண் குறைவா சுருங்கும், ஈரம் வெளியேறவும் வழி இருக்கும். உமி தீயில் எரிஞ்சு போய், அது இருந்த இடமெல்லாம் பொடி ஓட்டையா நிக்கும். ரே மீக்கர் 1980களில் இதைவிடப் பெரிசா ஒண்ணு முயற்சி பண்ணினார். ஈரானியக் கட்டடக்கலைஞர் நாதர் கலீலியின் யோசனையை எடுத்து, பச்சை மண் கல்லில் வீடே கட்டி, உள்ளே தீ மூட்டி, வீட்டையே சூளையா சுட்டார். என் பேனா ஸ்டாண்டை இதோட ஒப்பிடாதீங்க.

சுமார் 600 டிகிரியைத் தாண்டினா களிமண்ணின் கட்டமைப்பிலேயே இருக்கும் தண்ணீரும் போயிடும். அதுக்கப்புறம் எவ்வளவு ஊற வெச்சாலும் அது திரும்ப மண் ஆகாது. 1945ல் மார்ட்டிமர் வீலர் நம்ம அரிக்கமேட்டைத் தோண்டினப்போ, இத்தாலியிலிருந்து வந்த பாத்திரச் சில்லுகளை வெச்சு காலம் கணிக்க முடிஞ்சதுன்னா அதனாலதான். உடைஞ்ச மூடியை ஊற வெச்சு மறுபடி பிசைய முடியாததும் அதனாலதான்.

புது மூடி நானே செஞ்சு தரேன்னு சொன்னேன். இங்கேதான் கணக்கு வருது. ஜாடி ஒரு முறை சுட்டாச்சு, கிளேஸ் போட்டு இன்னும் ஒரு முறை 1,250 டிகிரிக்கு மேல சுடணும். எங்க மண் ஈரத்திலிருந்து கடைசிவரை 12 சதவீதம் சுருங்கும். ஜாடி வாயை இப்போ அளந்தா 9.4 செ.மீ. அதே அளவுக்கு மூடி செஞ்சா, கடைசியில் மூடி 8.3 ஆகும், ஜாடி வாய் 8.8ல் நிக்கும். மூடி உள்ளே விழுந்துடும். எனக்கு வேண்டிய அளவு இப்போ ஜாடியில் இல்ல, அது ஈரமா இருந்தப்போ இருந்தது. அம்மா நோட்டில் எழுதி வெச்சிருந்தாங்க: 10 செ.மீ. டீச்சர் ஆச்சே.

மூணு மூடி செஞ்சிருக்கேன், ஒண்ணு போனாலும் ஒண்ணு இருக்கட்டும்னு. மூணையும் அடி சீவியாச்சு. மூணும் பட்டறை அலமாரியில் கவருக்குள்ள இருக்கு. வெளியே இன்னும் மழை. போன சனிக்கிழமை அந்த அம்மா ஒண்ணை எடுத்துக் கன்னத்தில் வெச்சுப் பார்த்துட்டு, "இன்னும் இல்லப்பா"ன்னு சொல்லி வெச்சுட்டாங்க.