சீனாவின் 90,000 திரைகள்

2024 நவம்பர் 29ஆம் தேதி விஜய் சேதுபதியின் 'மகாராஜா' சீனாவில் வெளியாயிற்று. சலூன் வைத்திருக்கும் ஒருவர் தன் வீட்டுக் குப்பைத் தொட்டியைக் காணவில்லை என்று போலீஸ் ஸ்டேஷன் படியேறும் கதை. நம்மூர்ச் சலூனையும் நம்மூர் ஏட்டையாவையும் சீனாக்காரன் என்னத்தைப் புரிந்துகொண்டு பார்க்கப் போகிறான் என்று எங்கள் சங்க நூலகத்தில் ஞாயிறுதோறும் கூடும் நண்பர்கள் கேலி பேசினார்கள். அங்கே 90 கோடி ரூபாய்க்கு மேல் வசூல் என்று செய்தி வந்ததும் கேலி நின்று, "அப்படி எத்தனை தியேட்டர் சார் அங்கே இருக்கு?" என்ற கேள்வி பிறந்தது. கேள்வி என் பக்கம் திரும்பியதற்குக் காரணம், நான் ஆயுள் முழுதும் கணக்கு எழுதிப் பிழைத்தவன். சினிமாவைவிட சினிமாக் கணக்கில் எனக்கு ருசி அதிகம். படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே சொல்கிறேன்.

முதலில் அந்தக் கேள்விக்குப் பதில். 2024 முடிவில் சீனாவில் 90,968 திரைகள் இருந்தன. ஒரே கட்டடத்தில் எட்டு அரங்குகள் இருந்தால் எட்டுத் திரை என்று எண்ணுவது வழக்கம். அதே முறையில் எண்ணினால் இந்தியா முழுவதற்கும் சுமார் 10,000 திரைகள்தாம் தேறும். இரு நாடுகளின் மக்கள்தொகையும் ஏறக்குறைய ஒன்றே. படம் எடுப்பதில் நாம் சளைத்தவர்கள் அல்லர். எல்லா மொழிகளிலுமாக ஆண்டுக்கு 1,500க்கு மேல் வெளியிடுகிறோம். காட்டுவதற்கு இடம்தான் போதவில்லை. சீனாவுக்கும் இது பிதுரார்ஜிதச் சொத்து அல்ல. 2002இல் அங்கே இருந்த நகரத்துத் திரைகள் 2,000 கூட இல்லை. சீன சினிமாவின் வளர்ச்சி என்று உலகம் பேசுவது பெரும்பாலும் அதற்குப் பின் நடந்த கதை.

முன்கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். சீனர்கள் தாங்களே எடுத்த முதல் படம் 1905இல், பீக்கிங் நகரத்துப் போட்டோ ஸ்டூடியோ ஒன்றில் உருவானது. டான் சின்பேய் என்ற புகழ்பெற்ற கூத்து நடிகர் ஆடிய சில காட்சிகள், அவ்வளவுதான். 1930களில் ஷாங்காய் நகரம் சினிமாவின் தலைநகராக விளங்கியது. 1949இல் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்த சில ஆண்டுகளில் எல்லா ஸ்டூடியோக்களும் அரசாங்கத்தின் கைக்குப் போயின. 1966இல் தொடங்கிய பண்பாட்டுப் புரட்சியில் அந்தத் தொழிலும் முடங்கியது. கட்சி அங்கீகரித்த சில புரட்சி நாடகங்களையே மக்கள் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். அந்தக் கெடுபிடி தளர்ந்ததும் பஞ்சத்தில் அடிபட்டவன் பந்தியில் உட்கார்ந்த மாதிரி ஆயிற்று. 1979ஆம் ஆண்டில் சினிமா பார்த்தவர் எண்ணிக்கை 2,930 கோடி என்று பதிவாகியிருக்கிறது. தலைக்கு ஆண்டுக்கு 28 தடவை! இவற்றில் பெரும்பகுதி, புரொஜக்டரைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போன குழுக்கள் திறந்தவெளியில் காட்டியவை. நம் டூரிங் டாக்கீஸுக்கு ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1955இல் அங்கே போன ராஜ்கபூரின் 'அவாரா' அந்தத் தலைமுறையின் மனத்தில் அழியாமல் நின்ற படங்களுள் ஒன்று.

பிறகு வீட்டுக்கு வீடு டெலிவிஷன் வந்தது, கூட்டம் கரைந்தது. வேடிக்கை என்னவென்றால், சீன சினிமாவுக்கு வெளிநாட்டில் மதிப்பு உயர்ந்த காலமும் அதுவே. சாங் யிமோவின் 'செஞ்சோளம்' 1988இல் பெர்லினிலும், சென் கைகேயின் 'ஃபேர்வெல் மை காங்குபைன்' 1993இல் கான் விழாவிலும் தலையாய பரிசுகளை வென்றன. விருது ஒரு பக்கம் குவிய, உள்ளூர்க் கொட்டகைகள் பல நடனக் கூடங்களாகவும் பர்னிச்சர் கடைகளாகவும் மாறிக்கொண்டிருந்தன.

இந்த நிலையில் 1994இல் அரசாங்கம் ஒரு காரியம் செய்தது. ஆண்டுக்குப் பத்து வெளிநாட்டுப் படங்களை, வசூலில் பங்கு கொடுக்கும் ஒப்பந்தத்தில் வரவழைக்கலாம் என்று கதவைத் திறந்தது. ஹாரிசன் ஃபோர்டு நடித்த 'தி ஃப்யூஜிடிவ்' அந்த நவம்பரில் முதலில் நுழைந்தது. "ஓநாயை வீட்டுக்குள் விடுகிறீர்களே" என்று உள்ளூர்க்காரர்கள் கூச்சல் போட்டார்கள். ஆனால் ஓநாயைப் பார்க்கத்தான் ஜனங்கள் திரும்பக் கொட்டகைக்கு வந்தார்கள். 1998இல் 'டைட்டானிக்' 36 கோடி யுவான் வசூலித்தது. அந்நாளில் அது கேட்டிராத தொகை. (ஒரு யுவான் இன்று நம் பணத்தில் சுமார் 12, 13 ரூபாய்.) உலக வர்த்தக அமைப்பில் 2001இல் சேர்ந்த பின் பத்து இருபதாயிற்று; 2012இல் அமெரிக்காவுடன் செய்துகொண்ட உடன்பாட்டில் 34 ஆயிற்று. கதவு திறந்தது உண்மை. ஆனால் சங்கிலியைக் கழற்றவே இல்லை. ஆண்டு முழுதும் காட்டும் நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு உள்நாட்டுப் படங்களுக்குத்தான் என்று 2017இல் நடைமுறைக்கு வந்த திரைப்படச் சட்டம் சொல்கிறது. சீனப் புத்தாண்டு விடுமுறையில் அயல்நாட்டுப் பெரிய படங்களுக்கு இடமே கிடைக்காது.

அடுத்த திருப்பம் 2002. அதுவரை மாகாணத்துக்கு ஒரு விநியோக அலுவலகம். அது கொடுத்த படத்தைத்தான் கொட்டகைக்காரர் ஓட்ட வேண்டும். அதைக் கலைத்து, அரங்குகளைச் சேர்த்து நடத்தும் முப்பது வலைகளை ஏற்படுத்தினார்கள். ஒரே ஊரில் ஒன்றுக்கு மேற்பட்ட வலைகள் இருந்தால்தானே போட்டி வரும்? அதே டிசம்பரில் சாங் யிமோவின் 'ஹீரோ' வந்தது. ஜெட் லீ வாள் வீசிய அந்தப் படம் சுமார் 25 கோடி யுவான் ஈட்டி, உள்ளூர்ப் படத்துக்கும் கூட்டம் சேரும் என்று காட்டியது.

பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான் என் போன்றவனுக்கு முக்கியம். இரண்டு ஊற்றுகள். ஒன்று, வீடும் கடையும் கட்டி விற்ற கம்பெனிகள். புதிதாக முளைத்த ஒவ்வொரு வணிக வளாகத்தின் மேல் மாடியிலும் சினிமா இருந்தால்தான் கீழே கடைகளுக்கு ஆள் வரும் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். வாண்டா என்ற பெரும் கம்பெனி வளர்ந்தது இப்படித்தான். மற்றது டிக்கெட்டிலேயே இருக்கிறது. 100 யுவான் வசூலானால் 5 யுவான் திரைப்பட வளர்ச்சி நிதிக்குப் போய்விடும். அந்த நிதியிலிருந்து புது அரங்கு கட்டுகிறவருக்கு மானியம். வரி சுமார் 3 யுவான். மிச்சத்தில் ஏறத்தாழ 57 சதவிகிதம் அரங்குத் தரப்புக்கு, 43 படத் தரப்புக்கு. பங்கு முறையில் வரும் வெளிநாட்டுப் படத்தின் கம்பெனிக்கு 2012 உடன்பாட்டின்படி வசூலில் 25 சதவிகிதம். ஆக, ஓநாய் படம் ஓடினாலும் ஒவ்வொரு டிக்கெட்டும் உள்ளூர்க் கொட்டகைக்கு ஒரு செங்கல் வைத்துவிட்டுத்தான் போகும். எனக்கு இதில் பொறாமையே உண்டு.

விளைவு எண்களில் தெரியும். 2002இல் மொத்த வசூல் 100 கோடி யுவானைத் தொடவில்லை. 2010இல் 1,000 கோடி. 2012இல் ஜப்பானைத் தாண்டி உலகில் இரண்டாம் இடம். 2016இல் திரைகளின் எண்ணிக்கையில் அமெரிக்காவை முந்தியாயிற்று. 2019இல் வசூல் 6,400 கோடிக்கு மேல். கொரோனா ஆண்டான 2020இல் அது 2,000 கோடியாக விழுந்தபோதும், அமெரிக்கா அதைவிட அதிகமாக விழுந்ததால் முதலிடமே கிடைத்தது.

இந்த எண்களை நம்பலாமா என்று கேட்பீர்கள். டிக்கெட் விற்கும் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தேசியக் கணக்கு மையத்துடன் இணைந்திருக்கிறது. எந்தப் படம் இந்த நிமிஷம் வரை எவ்வளவு என்பதை மாவ்யான் போன்ற செயலிகளில் யாரும் பார்க்கலாம். நம்மூரில் நூறு கோடி, இருநூறு கோடி என்று போஸ்டர் ஒட்டுகிறவர்களிடம் வவுச்சர் கேட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்! அங்கேயும் தில்லுமுல்லு இல்லாமல் இல்லை. 2016இல் 'இப் மேன் 3' படத்துக்கு 7,600க்கு மேற்பட்ட பொய்க் காட்சிகள் கணக்கில் ஏற்றப்பட்டதும், 5.6 கோடி யுவானுக்கு விநியோகத் தரப்பே டிக்கெட் வாங்கிக்கொண்டதும் விசாரணையில் வெளிப்பட்டன. விநியோகக் கம்பெனிக்கு ஒரு மாதம் தடை விதித்தார்கள். ஒரு மாதம்தான்.

நம் படங்களின் கதைக்கு வருகிறேன். 2017 மே மாதம் ஆமிர் கானின் 'தங்கல்' அங்கே வெளியாகி, ஏறக்குறைய 130 கோடி யுவான் திரட்டியது. இந்தியாவில் கிடைத்ததைப்போல் இரு மடங்குக்கும் மேல். பிள்ளைகளை வளர்ப்பதில் கண்டிப்பான தகப்பன், படிப்பும் போட்டியுமாகக் கழியும் பிள்ளைப் பருவம் - இதெல்லாம் அவர்கள் வீட்டுக் கதையும்தான். ஆனால் இந்தியப் படம் என்றாலே ஓடும் என்று நினைத்துவிடக் கூடாது. 2019 செப்டம்பரில் ரஜினியின் '2.0' மிகுந்த ஆரவாரத்துடன் போய், போட்ட எதிர்பார்ப்பில் சிறு பங்கையும் எடுக்கவில்லை. பிரம்மாண்டத்தில் அவர்களிடமே சரக்கு நிறைய இருக்கிறது. நம்மிடம் அவர்கள் தேடுவது குடும்பக் கதையை.

அந்தக் கதைகளும் வாசலில் ஒரு சோதனையைத் தாண்ட வேண்டும். நம் 'ஏ', 'யு' போன்ற தரப் பிரிவு சீனாவில் கிடையாது. எல்லா வயதினருக்கும் ஏற்றது என்று அனுமதி கிடைத்தால், படத்தின் தொடக்கத்தில் நாகச் சின்னம் வரும். இல்லையேல் படம் பெட்டியில். 2018 முதல் இந்தப் பொறுப்பு கட்சியின் பிரசாரத் துறையிடம் இருக்கிறது. நாம் 'பாபநாசம்' என்று கமலஹாசன் நடிப்பில் பார்த்த 'த்ருஷ்யம்' கதையை 2019இல் சீனாவில் எடுத்தார்கள். கதை நடக்கும் இடத்தைத் தாய்லாந்து ஆக்கினார்கள். 130 கோடி யுவானுக்கு மேல் ஓடிய வெற்றிப் படம். ஆனால் முடிவில் அந்தத் தகப்பன் தானே போய்ச் சரணடைகிறான். குற்றம் தண்டனையில்லாமல் தப்பக் கூடாதல்லவா! சுயம்புலிங்கம் சரணடைந்திருந்தால் நாம் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டிருப்போம்.

வெளியூரில் தமிழ் பேசிப் பிழைக்கும் நமக்கு உறைக்க வேண்டிய இன்னொரு விஷயம் மொழி. சீனாவில் ஒரு வட்டாரத்துப் பேச்சு மற்ற வட்டாரத்தாருக்குப் புரியாது. எழுத்து மட்டும் பொது. அதனால் சீன மொழிப் படத்துக்கே அடியில் சீன எழுத்து ஓடும். பெரிய சந்தைக்குப் படம் எடுப்பவர் மாண்டரினில் எடுப்பதே லாபம். இதன் சுமை ஹாங்காங் மேல் விழுந்தது. புரூஸ் லீயும் ஜாக்கி சானும் வளர்ந்த அந்தச் சிற்றூர், கான்டனீஸ் மொழியில் 1990களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 200 படங்களுக்கு மேல் எடுத்தது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அது 50 அளவுக்கு இறங்கிவிட்டது. திருட்டுப் பிரதி, பொருளாதார நெருக்கடி என்று காரணங்கள் பல. 2004இல் ஒரு வர்த்தக ஏற்பாடு நடைமுறைக்கு வந்து, சீனாவுடன் கூட்டாக எடுக்கும் ஹாங்காங் படம் உள்நாட்டுப் படமாகவே கருதப்படும் என்று ஆனதும், பேர்பெற்ற இயக்குநர்கள் வடக்கே கிளம்பிவிட்டார்கள். வீட்டுப் பேச்சு படத்தில் குறைந்தது. உள்ளூர்க் கேலியும் குறைந்தது. இந்த நகரத்துக்கு நான் வந்த புதிதில் ஒரு தமிழ்ப் படத்துக்காக மூன்று பஸ் மாறிப் போனவன் என்பதால், இதைப் படித்தபோது சற்று நேரம் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். ஆனாலும் ஆறுதலாக ஒன்று: ஈமச்சடங்கு நடத்துவோரைப் பற்றி கான்டனீஸில் எடுத்த 'தி லாஸ்ட் டான்ஸ்' 2024 நவம்பரில் வெளியாகி, ஹாங்காங் படங்களிலேயே அந்த ஊரில் அதிகம் வசூலித்தது என்ற பெயர் பெற்றது.

இவ்வளவு திரைகளைக் கட்டியாயிற்று, நாற்காலி நிரம்புகிறதா? 2019இல் 170 கோடிக்கு மேல் விற்ற டிக்கெட், 2024இல் 101 கோடிதான். வசூலும் 4,250 கோடி யுவானாக இறங்கியது. கைப்பேசியில் இரண்டு நிமிஷ நாடகங்களைப் பார்த்துப் பழகிய இளைஞர்கள் கொட்டகைக்கு வர யோசிக்கிறார்கள். அந்த ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் பந்தயங்களை அரங்குகளில் நேரடியாகக் காட்டிப் பார்த்தார்கள்.

அப்போதுதான், 2025 ஜனவரி 29, புத்தாண்டு தினத்தில், 'நெஜா 2' வந்தது. அனிமேஷன் படம். அதன் நாயகன் நம் வீட்டுப் பிள்ளை என்றே சொல்லலாம். குபேரனின் மகன் நளகூபரன், பௌத்த நூல்கள் வழியாகச் சீனம் போய், மொழியில் தேய்ந்து 'நெஜா' ஆனான் என்பது அறிஞர் கருத்து. உரலோடு தவழ்ந்த கண்ணன் மருத மரங்களைச் சாய்த்துச் சாபம் தீர்த்தானே, அதில் ஒருவன். அங்கே அவன் தாமரையிலிருந்து மறு உடல் பெறும் முரட்டுச் சிறுவன். இயக்கிய ஜியாவ்சி பார்மஸி படித்தவர். வேலையை உதறி, தாயின் பென்ஷனில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் வீட்டில் உட்கார்ந்து தனியாளாக ஒரு குறும்படம் வரைந்துதான் இந்தத் தொழிலுக்கு வந்தார். நம் வீடுகளில் அந்தத் தாய்க்கு உறவினர் எத்தனை பேர் புத்தி சொல்லியிருப்பார்கள்!

'நெஜா 2' உள்நாட்டில் சுமார் 1,540 கோடி யுவான் ஈட்டியது. எந்த நாட்டிலும் தன் சொந்த மண்ணில் ஒரு படம் இவ்வளவு வசூலித்ததில்லை. 2025இல் சீனாவின் மொத்த வசூல் சுமார் 5,180 கோடி; நூற்றுக்கு முப்பது அந்த ஒரே படத்திலிருந்து வந்தது. கணக்குப் பிள்ளையாக எனக்கு இந்த எண் கவலை தருகிறது. ஒரே வாடிக்கையாளரை நம்பிய கடைக்குக் கடன் கொடுக்க எந்த பாங்க் மானேஜரும் தயங்குவார்.

வெளிநாட்டில் அந்தப் படத்துக்குக் கிடைத்தது மொத்தத்தில் நூற்றுக்கு இரண்டு, மூன்றுதான். அமெரிக்காவில் முதலில் சீன மொழியிலேயே, ஆங்கில எழுத்துகள் அடியில் ஓட, வெளியிட்டார்கள். அங்கே குடியேறிய சீனக் குடும்பங்கள் திரண்டு வந்தன. ஆகஸ்டில் மிஷெல் யோவின் குரலுடன் ஆங்கிலம் பேசவைத்து மறுபடி வெளியிட்டார்கள். அதற்கு அந்தக் கூட்டம் வரவில்லை.